இலவசமாகக் குடிபெயர்ந்த தோட்டம்

யார் இலவசம் என்று சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். கண்டிப் பக்கம் அக்குறணையில் கடை வைத்திருப்பவனுக்கு அது இரத்தத்தில் ஊறியது. அப்படிப்பட்ட நானே ஒரு இலவசத்திடம் ஏமாந்தேன்.

துபாயில் வேலை செய்யும் மச்சான், என் மனைவியின் அண்ணன், லீவில் வரும்போது புதிய கேம் கொன்சோல் ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டிலிருந்த பழைய கொன்சோலில் என் மனைவி விளையாடியது ஒரேயொரு கேம்தான். அதில் ஒரு தோட்டம். விதைக்க வேண்டும், தண்ணீர் விட வேண்டும், மாடு வளர்க்க வேண்டும். எங்கள் முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போன வருடம் அதைத் தொடங்கினாள். மனிதர்களோடு பேச்சை நிறுத்திவிட்டவள் அந்த மாடுகளோடு பேசினாள். நான் கேலி செய்திருக்கிறேன்தான். ஆனால் மனதுக்குள் அந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு நன்றி சொல்லியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"புதுசுக்கு மாறினா என்ட தோட்டம் போயிடுமா?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

போகாது என்றார் மச்சான். பழைய டிஸ்க் கையில் இருந்தால் கேமின் புதிய பதிப்பு இலவசம், தோட்டமும் கூடவே வந்துவிடும். அவரே டிஸ்க்கைப் போட்டு எல்லாவற்றையும் ஏற்றித் தந்தார். தோட்டம் முன்னைவிடப் பளிச்சென்று வந்தது. புல்லெல்லாம் காற்றில் அசைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் புதிது வந்தால் பழையது வீட்டில் தங்காது. கொடுப்பதையும் குறை வைக்காமல் கொடுக்க வேண்டும். நாவலப்பிட்டியில் என் தம்பி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தொடையில் பிளேட் வைத்துப் படுக்கையில் இருந்தான். பழைய கொன்சோல், வயர், டிஸ்க் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி அவனுக்கு அனுப்பிவிட்டேன். ஏற்றியாகிவிட்டதே, இனி டிஸ்க் எதற்கு? ஒரு டிஸ்க்கை மெஷினில் ஏற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துப் பழகியவர்கள் நாங்கள்.

மறுநாள் அவள் தோட்டத்தைத் திறக்கப் போனால், டிஸ்க்கைப் போடு என்கிறது திரை. ஒவ்வொரு தடவையும் டிஸ்க் உள்ளே இருந்தால்தான் அந்த இலவசம் வேலை செய்யுமாம். அது மச்சானுக்கே தெரியாது. இன்னொரு டிஸ்க் தேடிக் கண்டியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அது பழைய கேம், இனி வராது என்றார்கள். ஒன்லைனில் வாங்க எங்கள் பேங்க் கார்ட் செல்லவில்லை. திரையில் தோட்டத்தின் படம் மட்டும் நின்றது. பிள்ளை தங்காமல் போன அந்த வருடத்தைப் போல அவள் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசியில், "நீங்க வெக்கப்படுவீங்க, நானே போய்க் கேக்குறேன்" என்று அவளே பஸ் ஏறினாள்.

பொழுது சாய, மஃரிப் தொழுகைக்கு முன் திரும்பிவந்தாள். கையில் தம்பி வீட்டுப் பலாக்காய் இருந்தது, டிஸ்க் இல்லை.

"கேக்கல்லயா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கட்டில்ல சாஞ்சிக்கிட்டு வெளையாடுறாரு. புதுசா தோட்டம் தொடங்கி இப்பதான் வெத போட்டீக்கிறாரு, இன்னம் மொளைக்கவும் இல்ல. அத எப்பிடி நான் புடுங்கிட்டு வாற?"

பலாக்காயை அவள் கையிலிருந்து வாங்கினேன். அவள் தோட்டம் முழுசாக விளைந்து நின்றது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. தம்பிதான். அவன் சத்தமாகப் பேசுகிறவன், எனக்கும் கேட்டது.

"மதினி, மாடு பால் தருதில்ல. என்ன செய்ற?"

"தண்ணி வெச்சீங்களா? மொதல்ல கிட்டப் போய்த் தடவிக் குடுங்க. அதோட கொஞ்சம் பேசுங்க" என்றபடி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பலாக்காயை நானே வெட்டினேன். வெட்டி, கழுவி, அடுப்பில் வைத்த பிறகும் அவள் பேசி முடித்தபாடில்லை.