பூட்டாணி இல்லாத இருக்கை

பெரம்பலூர்ப் பெருமக்களே! அரியலூர் அன்பர்களே! ஓர் இரும்பாணி இல்லாத குறையை உங்கள் முன் வைக்கிறேன்.

இன்று மாலை பெரம்பலூர்ப் பொருட்காட்சியில், டிராகன் ரயில் ஏற மகளோடு வரிசையில் நின்றேன். எங்கோ ரோலர் கோஸ்டர் கவிழ்ந்து ஓர் உயிர் போன காணொளியை வரிசையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கம்பியக்கூடப் பாக்காம ஏத்திருக்கானுவளே, பாவிங்க!" என்று பின்னால் நின்ற அம்மையார் கண்கலங்கினார்.

எங்கள் முறை வந்தது; ஏறி அமர்ந்தோம். தடுப்புக் கம்பி திறக்காமல் பிடிக்கும் பூட்டாணி இல்லை. அதற்குப் பதில் நைலான் கயிறு கட்டியிருந்தது.

வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"நேத்து வரைக்கும் யாரும் விழலையே சார். கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றார் இயக்குபவர்.

அழுத மகளை இறக்கினேன்.

"எறங்குறதுன்னா வெரசா எறங்குங்க சார், புள்ளைவோ எவ்வளவு நேரம் நிக்கும்?"

கேட்டவர் அதே அம்மையார்! இரு பிள்ளைகளோடு அந்த இருக்கையிலேயே அமர்ந்து, கயிற்றைத் தாமே இறுக்கி முடிந்துகொண்டார்.

வண்டி நிற்கும்வரை அந்தக் கயிற்று முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆவல!" என்று சிரித்தபடி இறங்கினார். இயக்குபவருக்கு மேலும் மூன்று சாட்சிகள் கிடைத்தார்கள்.

காணொளிக்குக் கீழே கண்ணீர்ப் பொம்மை பதித்தவர்களே! நாளைக் காலை பத்து மணிக்கு மனுவோடு ஆட்சியர் அலுவலகம் செல்கிறேன். பூட்டாணி பொருத்தும்வரை அந்த வண்டி ஓடக் கூடாது. உடன் வருவோர் இப்போதே கீழே பெயரை எழுதுங்கள். அழும் பொம்மை வேண்டா, ஆள் வேண்டும்!