திரும்பி மிதிக்கக் கூடாது

அஸ்தினாபுரத்தில் எங்கள் பகுதியிலிருந்து வருஷா வருஷம் ஒரு குழு வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போகும். திருவிழாக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புவோம். காவிச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை. முதலில் போகிற சைக்கிளின் கேரியரில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சொரூபம் இருக்கும். அதை மாதா வண்டி என்போம். அதை யாரும் முந்தக் கூடாது. வழியில் ஓட்டலில் சாப்பிடக் கூடாது. அரிசி, பருப்பு, அடுப்பு, பாத்திரம், தார்ப்பாய் எல்லாம் எங்கள் சைக்கிளிலேயே வரும். தண்ணீர் மட்டும் வீடுகளில் கேட்டு வாங்கலாம். ராத்திரிக்குத் தோப்போ, ரைஸ்மில் களமோ, யார் இடம் கொடுக்கிறார்களோ அங்கே தார்ப்பாயைக் கட்டிப் படுத்துவிடுவோம்.

இன்னொரு கட்டளையும் உண்டு. போகும்போதுதான் மிதிக்க வேண்டும், திரும்பும்போது மிதிக்கக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் சைக்கிள்களை மினி லாரியில் ஏற்றிவிட்டு நாங்கள் வேனில் வந்துவிடுவோம். கால்வலி மாதாவுக்குக் கொடுத்த நேர்ச்சை. திரும்பியும் மிதித்தால் கொடுத்ததை நாமே எடுத்துக்கொண்டு வருவதாகிவிடும் என்பார்கள். அப்படி வந்த ஒருவர் அந்த வருஷமே படுத்த படுக்கையானார் என்று ஒரு கதையும் உண்டு. நான் அதை நம்பினேன். எட்டாவது வரை படித்தவன் நான். பல்லாவரம் பக்கம் தோல் பை தைக்கிற கம்பெனியில் தோல் வெட்டுகிறேன். கோயிலில் பெரியவர்கள் சொன்னதைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

என் நேர்ச்சையெல்லாம் என் மகனுக்காகத்தான். ஒரே பிள்ளை. எஞ்சினியரிங் முடித்தான், சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனான். ஒருநாள் நிறைய பேரோடு சேர்த்து அவனையும் வேலையை விட்டு எடுத்தார்கள். வேறு இடங்களில் தேடினான், கிடைக்கவில்லை. அப்புறம் தேடுவதை விட்டான். அப்புறம் வெளியே போவதை விட்டான். அப்புறம் அறையை விட்டு வருவதையும் விட்டான். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு நாங்கள் நகர்ந்தால்தான் கதவு திறக்கும். குளிக்க நாங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவான். டாக்டரிடமும் கூட்டிப்போனோம். மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாள் சாப்பிட்டான். அதற்கு மேல் டாக்டரிடம் வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான். வளர்ந்த பிள்ளையை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

"பேய் பிடிச்சிருக்கு, ஜெபிக்கக் கூட்டிட்டு வாங்க" என்று சிலர் சொன்னார்கள். "தண்டச்சோறு" என்று சொந்தக்காரர் ஒருவர் அவன் காதில் விழும்படியே சொன்னார். என் மனைவி அன்றோடு அவரை வீட்டுக்குள் விடுவதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், யாத்திரை கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் குழுவின் தலைவர் வீட்டுக்கு வந்தார். வயதில் மூத்தவர். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டிச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மாதா வண்டியை அவர்தான் ஓட்டுவார். நாங்கள் எல்லோரும் அண்ணா என்போம். கேஸ் அடுப்பையும் சின்ன சிலிண்டரையும் வழக்கமாகக் கொண்டுவருகிறவருக்குக் கால் ஒடிந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசத்தான் என்னிடம் வந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் எழுந்துபோய் என் மகனின் கதவைத் தட்டினார்.

"தம்பி, அடுப்புக்கு ஆள் இல்லப்பா. நீ வரலைன்னா போற வழி முழுக்க நாங்க அவல்தான் திங்கணும். உங்கப்பாவுக்கு அவல் ஒத்துக்காது, தெரியுமில்ல?"

கதவு திறக்கவில்லை. எனக்குக் கூச்சமாகிவிட்டது. "வாங்கண்ணா, வேற ஆள் பாக்கலாம்" என்றேன். அவர் நகரவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சிலிண்டரோட சேத்து எத்தனை கிலோ?"

என் மனைவி சமையலறைப் பக்கம் திரும்பி நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அண்ணா ஒன்றுமே நடக்காதது போல, "தூக்கிப் பாத்துட்டு நீயே சொல்லுப்பா" என்றார்.

அவன் காலேஜ் படிக்கும்போது வாங்கிய கியர் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி பிடித்துக் கிடந்தது. அதைத் துடைத்துப் பின்னால் கேரியர் போட்டு, ஒரு பக்கம் அடுப்பையும் மறுபக்கம் சிலிண்டரையும் அவனே கட்டினான். விடியற்காலைப் பூசை முடிந்து கிளம்பினோம். சேலையூர் தாண்டித் தாம்பரம் பாலத்தில் ஏறும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது. சிங்கப்பெருமாள்கோயில் வருவதற்குள் ஓரமாக நிறுத்தி வாந்தி எடுத்தான். அவ்வளவுதான், திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அண்ணா மாதா வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டார். முதல் வண்டி நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். ஒருத்தரும் அவனைப் பார்க்கவில்லை. ஒருத்தர் டயரை அமுக்கிப் பார்த்தார், ஒருத்தர் பீடி பற்ற வைத்தார். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு, "போலாம்" என்றான்.

அன்றைக்கு மதுராந்தகம் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு களத்தில் தங்கினோம். வேப்பமரத்துக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். அடுப்பு அவன் பொறுப்பு என்பதால் சமையலும் அவன் தலையில் விழுந்தது. அவனுக்கு மேகி தவிர ஒன்றும் வைக்கத் தெரியாது. சோறு குழைந்துவிட்டது. எங்கள் குழுவில் ஓர் ஆட்டோ டிரைவர் உண்டு, வாய் சும்மா இருக்காது. தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னாபா எஞ்சினியர், சோறுன்ன, போஸ்டர் ஒட்ற பசை மாதிரி கீது? மாதா படம் எதுனா ஒட்டணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். இப்படி ஒரு வார்த்தைக்குத்தான் அவன் வீட்டில் கதவைச் சாத்துவான். அவன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான்.

"ஆமாண்ணா. மொதல்ல உங்க வாய ஒட்டலாம்னு பாத்தேன். சாப்பிடுங்க."

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். அப்புறம் அந்த டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், உங்கப்பா மாரி நீயும் ஊமைன்னு நெனச்சா, இன்னாமா பேசுறபா!" என்றார். என் மகனும் சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து களத்தின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த நாட்களில் நான் பார்த்ததை எழுத எனக்குப் போதுமான வார்த்தை கிடையாது. திண்டிவனம் தாண்டியதும் காற்று எதிர்த்து அடித்தது. அவன் எனக்கு முன்னால் வந்து, "என் பின்னாடி ஒட்டிக்கினே வாங்கப்பா, காத்து படாது" என்றான். கடலூருக்கு அந்தப் பக்கம் ஒருவருக்குச் செயின் அறுந்தபோது இவன்தான் தரையில் உட்கார்ந்து கோர்த்தான். எங்கோ ஒரு வீட்டில் குடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கேட்டான். யாரென்று தெரியாத அம்மாவிடம் நின்று பேசிவிட்டு, அவர்கள் கொடுத்த பச்சை மிளகாயோடு வந்தான். சிதம்பரம் தாண்டித் தென்னந்தோப்பில் தங்கிய அன்று சாம்பார் வைத்தான். டிரைவரே இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். தார்ப்பாய்க்குக் கீழே என் பக்கத்தில்தான் படுத்தான். மெல்லக் குறட்டை விட்டான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட குறட்டை. கேட்டுக்கொண்டே நான் ஜெபமாலை சொன்னேன். தாயே, உன் காலடிக்கு வருகிறோம், அங்கே வந்ததும் இவனைக் குணமாக்கு என்றே மணிக்கு மணி சொன்னேன்.

அங்கே வந்ததும் என்றுதான் கேட்டேன். நடுவழியிலேயே அவள் கொடுத்துக்கொண்டிருந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

வேளாங்கண்ணியில் ஒரே கூட்டம். மணல் பாதையில் நான் முழங்காலால் நடந்தேன். கூட்டம் என்மேல் விழாமல் அவன் பக்கத்திலேயே நடந்து வந்தான். முழங்கால் தோல் உரிந்து மணல் ஒட்டியது. அந்த வலி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பீடத்துக்கு முன்னால் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டேன் என்று ஒரு திருப்தி.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போனோம். மற்றவர்கள் மொட்டை அடித்த தலையோடு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவன் என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். கொஞ்சம் தயங்கித்தான் கேட்டான்.

"அப்பா, நாம சைக்கிள்லயே திரும்பிப் போலாமா? எல்லாரும் வேணாம். நீங்களும் நானும் மட்டும். அடுப்பு இருக்கு, தார்ப்பாய் இருக்கு. மெதுவாப் போலாம்."

"அப்படிப் போகக் கூடாதுப்பா."

"ஏன்?"

"குடுத்ததத் திரும்ப எடுத்துக்கிற மாதிரி ஆயிடும். நேர்ச்சை பலிக்காது."

அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் எதுவும் குடுக்கலியேப்பா," என்றான். "எனக்கு மிதிக்கப் புடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

எனக்குப் பயம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவன் மேல் கோபமில்லை, பயம்தான். இவ்வளவு தூரம் கொண்டுவந்து மாதாவின் காலடியில் வைத்ததை இவன் தெரியாமல் தட்டிவிடப் பார்க்கிறானே என்று பயந்தேன். "அதெல்லாம் வெளையாட்டு இல்லப்பா. வேன் சொல்லியாச்சு. வீட்ல அம்மா காத்துக்கினு இருப்பாங்க" என்றேன்.

"சரி" என்றான்.

மறுநாள் லாரியில் சைக்கிள்களைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அவன் சைக்கிளை அவனே தூக்கிக் கொடுத்தான். வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். ஆட்டோ டிரைவர் வழியெல்லாம் வம்புக்கு இழுத்துப் பார்த்தார். "தம்பி, வாய ஒட்டிக்கினியா?" என்றார். அவன் கண்ணைத் திறக்கவில்லை. மிதித்து நாங்கள் ஒவ்வொன்றாகக் கடந்த ஊர்களெல்லாம் ஒரே பகலில் பின்னால் ஓடிப் போயின.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைக் கழுவித் துடைத்து, அண்ணாவிடம் கொடுக்கச் சொல்லி வாசலில் வைத்தான். அவன் அம்மா இட்லி எடுத்து வைத்தாள். "பசிக்கலம்மா" என்று அறைக்குள் போனான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "களைப்பா இருக்கும், தூங்கட்டும்" என்றேன். அவள் அப்போதே தலையை ஆட்டவில்லை.

களைப்பு இல்லை என்று எங்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று.

நான் ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் வைத்தேன். வெள்ளிக்கிழமை ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். மாதா இன்னும் கேட்கவில்லை, இன்னும் கேட்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேலையில், ஒரு தோலை விரித்து வெட்டப் போகும்போது, அவன் கடற்கரையில் பேசியது முழுசாகக் காதில் விழுந்தது. அவன் கேட்டது இன்னும் நாலு நாள். அதுவும் என்னோடு. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னா, கைய வெட்டிக்கினியா?" என்று பதறினார்.

அடுத்த வருஷ யாத்திரைக்குக் கூட்டம் போட்டபோது அண்ணாவைத் தனியாகப் பிடித்தேன். நானும் மகனும் மட்டும் திரும்பி மிதித்து வந்தால் தோஷமா என்று கேட்டேன். அவர் தாடையைத் தடவினார்.

"எங்கப்பா கூடாதுன்னாரு. நானும் உங்களுக்குக் கூடாதுன்னேன். யாரு போட்டதுன்னு எனக்கே தெரியாதுப்பா. அந்தக் காலத்துல அவங்கவங்க வேலைக்குப் போவணும், லீவு இருந்திருக்காது. அதுக்குச் சொன்னாங்களோ என்னவோ." என் தோளில் கை வைத்தார். "நீ போயிட்டு வா. மாதா உன்னயா கோச்சுக்கப் போறா?"

படுத்த படுக்கையானவர் கதையைப் பற்றிக் கேட்டேன். "அதுவும் எங்கப்பா சொன்னதுதான்" என்றார்.

நான் வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தேன். வேர்த்துக் கொட்டியது. கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். "கண்ணு, அண்ணா சரின்னுட்டாரு. இந்த வாட்டி திரும்பியும் சைக்கிள்லயே வரலாம். நீயும் நானும் மட்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி. வேலைக்கு லீவு சொல்லிக்கிறேன்."

உள்ளே ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி சமையலறை வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணு?"

"அது அப்போப்பா" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். தூரத்திலிருந்து யாரோ பேசுவது போலச் சொன்னான். நான் இன்னும் ஏதேதோ சொன்னேன், கெஞ்சினேன். 

அந்த வருஷம் நான் போகவில்லை. இந்த வருஷமும் போகவில்லை. அடுப்பை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். இங்குள்ள ஒரு டாக்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும். வந்தாலும் இவன் கதவைத் திறக்க வேண்டுமே.

கடவுள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் கொடுக்கவில்லை என்று சொல்லவும் வராது. அதுதான் எனக்குப் பெரிய பாரம். கொடுக்காத தெய்வத்திடம் இன்னும் கேட்கலாம். கொடுத்த தெய்வத்திடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? காலைப் பூசைக்குப் போகிறேன், கடைசிப் பெஞ்சில் உட்கார்கிறேன். பங்குச் சாமியார் ஏன் பின்னால் உட்கார்கிறாய் என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குணமாக்கு என்று இப்போது நான் கேட்பதில்லை. அவன் என்னை இன்னொரு தடவை ஏதாவது கேட்க வேண்டும். எதுவாக இருந்தாலும் சரி, நடக்காததாக இருந்தாலும் சரி. தட்டை அவன் வாசலில் வைத்துவிட்டு முன்போல நான் உடனே நகர்ந்துவிடுவதில்லை. கொஞ்ச நேரம் நிற்கிறேன். சோறு ஆறிப்போகிறது. நான் நிற்கிறவரை அவன் திறக்கமாட்டான் என்று தெரியும். அப்புறம் நகர்ந்துவிடுகிறேன்.