மாலை போட்ட படமும் ஆட்டோ ஃப்ரேமிங்கும்

அன்று அந்த மீட்டிங் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: மசாலாத்தூள் கம்பெனியின் டைரக்டர் மீனாள் அக்கா, அவருடைய தம்பி வள்ளியப்பன், ரிமோட்டும் கையுமாக நான். இல்லாதவர் அவர்களுடைய அப்பா. காலமாகிவிட்டார். நாற்காலிகளுக்குப் பின்சுவரில், சந்தன மாலையோடு படமாக இருந்தார்.

ஈப்போவில் வீடியோ கான்ஃபரன்ஸ் கருவி பொருத்தும் கடையில் நான் புரோபேஷனில் இருந்தேன். தனியாகப் பொருத்திய முதல் அறை இது. எல்லாம் சரியென்று மீனாள் அக்கா கையெழுத்துப் போட்டால் எனக்கு வேலை நிரந்தரம். எங்கள் குடும்பத்தில் படித்து வேலைக்கு வந்த முதல் ஆள் நான்; சொந்த ஊரான சுங்காயில் அம்மா, என் சேதிக்காகப் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

அந்தக் கேமராவில் ஆட்டோ ஃப்ரேமிங் உண்டு. முகங்களைத் தேடிப்பிடித்து, எல்லோரும் திரையில் அடங்கும்படி தானே சரிசெய்துகொள்ளும். மசாலாத்தூள் வாங்கும் சிங்கப்பூர்க்காரர் இணைப்பில் வந்தார். கேமரா மேலே நிமிர்ந்தது. அக்காவும் தம்பியும் திரையின் அடியில் வெறும் தலைகளாகச் சுருங்கினார்கள். இருவரும் விலைப்பட்டியலைப் பார்க்கக் குனிந்தார்கள். அவ்வளவுதான், அப்பாவின் முகம் திரை முழுக்க வந்து நின்றது!

சிங்கப்பூர்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரியவரு ஒண்ணுமே பேச மாட்டேங்குறாரே. வெல புடிக்கலியா?"

"அவரு பேச்ச நிறுத்தி நாளாச்சு லா," என்றார் வள்ளியப்பன்.

அக்கா தம்பியை முறைத்தார். நான் மெதுவாக, "அக்கா, முடியிற வரைக்கும் படத்த எறக்கி வச்சிரலாமா?" என்றேன்.

"அப்பாவ எறக்கிட்டு யாவாரம் பேசுறதா? ஒன் கேமராவ எறக்கு, தம்பி."

மேசைமேல் இருந்த டச் பேனலில் ஆட்டோவை அணைத்தேன். ரிமோட்டால் கேமராவைத் தாழ்த்தி, ஜூம் செய்து, அந்த நிலையை ப்ரீசெட்டாகச் சேமித்தேன். இரண்டு முகங்களும் பளிச்சென்று வந்தன! சிங்கப்பூர்க்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வியாபாரமும் படிந்தது.

அக்கா மட்டும் பேனாவை எடுக்கவில்லை. "நாளைக்குப் பத்துப் பேரு வந்து ஒக்காந்தா? ஒவ்வொரு வாட்டியும் ரிமோட்ட யாரு அமுக்குறது? ஆட்டோ இருக்குன்னுதானே வாங்குனேன்?"

நியாயமான கேள்வி. அறையைச் சுற்றிப் பார்த்தேன். சட்டென்று பொறி தட்டியது.

"அக்கா, அப்பா அங்கயே இருக்கட்டும். டிவியையும் கேமராவையும் அவருக்குக் கீழ மாட்டிருவோம். நாற்காலிய இந்தப் பக்கம் திருப்பிப் போட்டா, கேமராவுக்கு அவரு தெரிய மாட்டாரு. அவருக்கு எல்லாரும் தெரிவாங்க."

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலாமா! இனிமே மீட்டிங்ல தூங்கக்கூட முடியாதா மச்சான்?" என்று என்னைப் பார்த்து வள்ளியப்பன் தலையில் கை வைத்தார். அக்கா சிரித்துவிட்டார். கையெழுத்தும் விழுந்தது.

இப்போதெல்லாம் எந்த அறைக்குப் போனாலும், பெட்டியைப் பிரிக்கும் முன் உட்காருபவர்களின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்த்துவிடுகிறேன். நீங்களும் பாருங்கள். கேபிளை நீட்டி, டிவி முதலில் இருந்த சுவரின் துளைகளை அடைத்து, சாயம் பூச மீனாள் அக்காவுக்கு ஆன செலவு எண்ணூற்றைம்பது ரிங்கிட்.