வலப்பக்கம் துடித்த நெஞ்சு

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்துக் காலை. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பது என் வேலை. அப்போதே பதினாறு வருட அனுபவம். அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவேன். ஆட்களைப் படுக்க வைத்து, வயர்களை மாட்டி, இதயத்தின் கோடுகள் விழுந்த காகிதத்தைக் கிழித்து டொக்டரிடம் கொடுப்பேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் பிழை விடமாட்டேன் என்று ஒரு தலைக்கனம் இருந்தது.

அன்று இறக்கக்கண்டியிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். கணவர் கடற்கரையில் பலரோடு சேர்ந்து நின்று கரைவலை இழுக்கும் மீனவர். பிறந்ததிலிருந்தே அவருக்கு இருமலும் மூக்கடைப்பும். மூன்று முறை காசநோய்ப் பரிசோதனை செய்தும் ஒன்றுமில்லை என்றுதான் முடிவு வந்தது. வீட்டில்தான் யாரும் நம்பவில்லை. அவருக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு. அதே வீட்டில் அவருடைய தங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. அதைத் தூக்க இவரை விடவில்லை. குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார். இப்போது நெஞ்சுநோ என்று வந்திருந்தார்.

சிவப்பு வயர் வலக்கைக்கு, மஞ்சள் இடக்கைக்கு. மாட்டிவிட்டுப் பொத்தானை அமத்தினேன். முதற்கோடு தலைகீழாக வந்தது. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எடுத்தவன் கை வயர்களை மாற்றி மாட்டிவிட்டான். புதிதாகப் பழக வருபவர்கள் செய்கிற பிழை. அதற்காக எத்தனையோ பேரை நான் ஏசியிருக்கிறேன். முதல் வேலையாக, நர்ஸ் பார்த்தாரா என்று வாசலைப் பார்த்தேன். பார்க்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டு வயர்களைப் பார்த்தேன். சிவப்பு வலக்கையில்தான் இருந்தது, மஞ்சள் இடக்கையில்தான் இருந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டும் இரண்டையும் மாற்றி மாட்டினேன்.

அப்போது அவர் வலப்பக்க நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். "அண்ணா, எனக்கு இந்தப் பக்கந்தான் துடிக்கிறது."

"எல்லாருக்கும் இடப்பக்கந்தான் தங்கச்சி. இது வாய்வு. இஞ்சித் தேத்தண்ணி குடியுங்கோ."

"எனக்குத் துடிக்கிறது எனக்குத் தெரியாதோ?" என்றவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாவது காகிதத்தில் முதற்கோடு நிமிர்ந்து வந்தது. நெஞ்சுப் பகுதிக் கோடுகள் மட்டும் சின்னச் சின்னதாக இருந்தன. வியர்வையில் சரியாக ஒட்டவில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். முதல் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, போகிற வழியில் குப்பையில் போட்டேன். டொக்டருக்கு அன்று வாசல் வரை கூட்டம். இதயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லி, இருமலுக்கு மருந்து எழுதி அனுப்பினார்.

ஒன்றரை வருடம் கழித்து அதே பெண் காய்ச்சலோடு மறுபடி வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். இப்போது இருந்தது புதிய டொக்டர், ஒரு சிங்களப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத வராது. காதுக்குழலை நெஞ்சில் இடப்பக்கம் வைத்தாராம், பிறகு வலப்பக்கம் வைத்தாராம், வைத்தவர் எடுக்கவே இல்லையாம். கொஞ்ச நேரத்தில் பழைய காகிதத்தோடு என் அறைக்கு வந்தார். பின்னால் அந்தப் பெண்.

"இதை எடுத்தது யார்?"

ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம், யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகக்கூட இல்லை, சும்மா பார்த்தார்.

"நான்தான் டொக்டர். முதல் எடுத்தது தலைகீழா வந்தது. பிழை எண்டு நினைச்சு வயரை மாத்தி எடுத்தனான்."

"முதல் எடுத்ததுதான் சரி. இவருக்கு இதயம் வலப்பக்கம்."

காசநோய்ப் பரிசோதனைக்காக வேறொரு இடத்தில் எடுத்த எக்ஸ்ரே படத்தையும் யாரோ திருப்பி வைத்துத்தான் பார்த்திருக்க வேண்டும் என்றார் டொக்டர். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

பிறகு அந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே படம் கீறி எங்கள் இருவருக்கும் விளங்கப்படுத்தினார். நம் உடம்பின் உயிரணுக்களுக்குள் சின்னஞ்சிறு இயந்திரங்கள்போல வேலை செய்யும் புரதங்கள் இருக்கின்றனவாம். சில, கால் எடுத்து வைத்து நடப்பதுபோல உயிரணுவுக்குள் சாமான் காவுகின்றன. சில, தசையைச் சுருக்குகின்றன. டைனின் என்று ஒன்று, மூச்சுக்குழாயில் இருக்கும் நுண்ணிய மயிர்களை வளைத்து அசைக்கிறது. எல்லா மயிரும் சேர்ந்து அசைந்தால்தான் சளியும் தூசும் மேலே தள்ளப்படும். அது ஓடாவிட்டால் சளி தேங்கும், கிருமி பெருகும், இருமல் நிற்காது. தாயின் வயிற்றில் கரு அரிசிமணியைவிடச் சிறிதாக இருக்கும்போதும் இதே மாதிரி மயிர்கள் நீரை இடப்பக்கம் தள்ளுமாம். உடம்புக்கு இடம் எது, வலம் எது என்று தெரிவது அப்படித்தான். தள்ள ஆளில்லாவிட்டால் இதயம் எந்தப் பக்கமும் போகலாம்.

அந்தப் பெண் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப கரைவலை மாதிரித்தான். வலைக்குள்ள மீன் கிடக்கு, இழுக்கத்தான் ஆளில்லை."

டொக்டர் சிரித்து, ஓம் என்றார். அடுத்த கேள்வியில் அந்தப் பெண்ணின் குரல் மாறிவிட்டது.

"அப்ப இது ஆருக்கும் தொத்தாதோ?"

"பிறப்பிலேயே வந்தது. தொத்தாது."

"அப்ப தூக்கலாமோ?"

டொக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. "தங்கச்சியின்ர பிள்ளையை" என்றேன்.

"பிள்ளை இப்ப நடக்குது அண்ணா" என்றார் அவர்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. வயரை மாற்றாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையை இரண்டு கிழமைக் குழந்தையாகவே அவர் தூக்கியிருப்பார்.

வாயால் சொன்னால் வீட்டில் நம்பமாட்டார்கள், எழுதித் தாருங்கள் என்று கேட்டார். டொக்டர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதியது நான்தான். நான்கு வரிக் கடிதத்துக்கு மூன்று தாளைப் பழுதாக்கினேன். "பெரிசா எழுதுங்கோ, அம்மாவுக்குக் கண் மங்கல்" என்றார். பெரிதாகவே எழுதினேன். டொக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பிறகு அவரைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தபோதும் அதே நோய் என்றுதான் உறுதியானது. முழுதாக மாறாது, மருந்தும் சளி வெளியேற்றும் பயிற்சியும் காலம் முழுக்க வேண்டும்.

சென்ற வருடம் மறுபரிசோதனைக்கு வந்தபோது பிள்ளையையும் கூட்டி வந்திருந்தார். முதல் ஒரு மாதம் பிள்ளை தன்னிடம் வராமல் அழுததாகச் சொன்னார். அன்று அவருடைய இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றது. அவர் கட்டிலில் படுத்ததும் மஞ்சள் வயரைப் பிடித்து இழுத்தது. இந்த முறை இதயம் வலப்பக்கம் என்று காகிதத்தில் குறித்துவிட்டு, கை வயர், நெஞ்சு வயர் எல்லாவற்றையும் வலப்பக்கக் கணக்கில் மாட்டினேன். கோடுகள் குறையில்லாமல் நிமிர்ந்து வந்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்கோ அண்ணா, நான் எழும்ப" என்று என் கையில் தந்துவிட்டார்.

இப்போதும் எப்போதாவது காகிதம் தலைகீழாக வரும். பெரும்பாலும் வயர்தான் மாறியிருக்கும். ஆனாலும் அதில் கை வைப்பதற்கு முன், உங்களுக்கு எந்தப் பக்கம் துடிக்கிறது என்று படுத்திருப்பவரிடம் கேட்காமல் இருப்பதில்லை. அன்று நான் கேட்காமலே ஒருவர் அந்தப் பதிலை என்னிடம் சொன்னார், நான் அதை வாய்வு என்று சொன்னேன் என்பது இன்றும் என்னை விடவில்லை.