கிரிட்டிக்கல் ஸ்பீடில் நின்ற டர்பைன்

டர்பைனை உடனே நிறுத்தும் டிரிப் பட்டனை அழுத்திவிட்டு வாக்கிடாக்கியில் அன்வரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அப்போதும் இல்லை.

திருவண்ணாமலையிலிருந்து கம்பெனி வேனில் போய்வரும் தூரத்தில் ஒரு சர்க்கரை ஆலை. அதன் மின் நிலையத்தில் நான் ஷிப்ட் இன்ஜினியர். மாடியில் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து டர்பைனை ஸ்டார்ட் செய்வது என் வேலை. கீழே மெஷின் பக்கத்தில் நின்று ஆயிலையும் பேரிங்கையும் கவனித்துச் சொல்வது மெக்கானிக்கல் இன்ஜினியர் அன்வரின் வேலை. எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே வயது. வேனில் எதிரெதிர் சீட்டில் வருவோம், அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். பேச்செல்லாம் வாக்கிடாக்கியில்தான்.

"ஆயில் பிரஷர் ஓகேங்க."

"ஸ்பீட ஏத்தட்டுமா?"

"ஏத்துங்க மேடம்."

இதைக் கேட்பதற்காகவே ஸ்டார்ட்-அப் நாட்களில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டர்பைனுக்குள் சுற்றும் ரோட்டரை எவ்வளவு நன்றாக பேலன்ஸ் செய்தாலும் கொஞ்சம் எடை வித்தியாசம் மிச்சமிருக்கும். மற்ற வேகங்களில் அது பெரிதாகத் தெரியாது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதன் ஷாஃப்ட், அதாவது அச்சுத்தண்டு, வில்லாக வளைந்து சுற்றும், அதிர்வு பல மடங்காகும். அதுதான் கிரிட்டிக்கல் ஸ்பீடு. எங்கள் டர்பைன் ஓட வேண்டிய வேகம் அதற்கும் மேலே. அதனால் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வேகமாகத் தாண்டினால் அதிர்வு வளர நேரம் கிடைக்காது.

அன்று அரவை தொடங்கும் நாள். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஸ்டீம் போதும்மா, ஏத்திடு. வெளிய கரும்பு வண்டிங்க நின்னுனு இருக்குது."

ஏற்றினேன். சரியாக கிரிட்டிக்கலுக்குள் நுழைந்தபோது ஸ்டீம் பிரஷர் விழுந்தது. பாய்லரில் எரிக்கப் போன கரும்புச் சக்கையில் ஈரம் ஜாஸ்தி. டர்பைன் வேகம் மேலே போகாமல் அங்கேயே நின்றது. திரையில் அதிர்வு ஏறிக்கொண்டே போனது. அதிர்வு கூடினால் தானாக டிரிப் ஆகும் வசதி அந்தப் பழைய மெஷினில் இல்லை.

"அன்வர், தள்ளி வந்துடுங்க."

"முன்பக்க பேரிங்ல உரசுது மேடம். இருங்க, கேட்டுச் சொல்றேன்."

"கொஞ்சம் பொறும்மா, பிரஷர் வந்துடும்" என்றார் மேனேஜர்.

பொறுக்க முடியவில்லை. அழுத்திவிட்டேன்.

பதில் வராததால் படியிறங்கி ஓடினேன். அன்வர் ஒரு இரும்புக் கம்பியின் முனையை பேரிங் மேல் வைத்து, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கண்களை மூடி நின்றிருந்தார். வாக்கிடாக்கி தரையில் கிடந்தது.

"ஏன் பதில் சொல்லல?"

"உரசல் நிக்குதானு கேட்டுனு இருந்தேங்க. நின்னுடுச்சு." என் முகத்தைப் பார்த்தார். "பயந்துட்டீங்களா?"

"ஆமா."

ரோட்டர் மெல்ல வேகம் குறைந்து நிற்கும்வரை பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

பேரிங்கைத் திறந்து சரிபார்த்து, காய்ந்த சக்கை போட்டு பிரஷரை முழுதாக ஏற்றிய பிறகு மறுபடியும் ஸ்டார்ட் செய்தோம். சுலபமாகத் தாண்டியது. பாய்லரில் கடைசிவரை தாங்கும் ஸ்டீம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கிரிட்டிக்கலை நோக்கிப் போகாதீர்கள். நடுவில் நின்றுவிட்டால் காத்திருக்காதீர்கள். அன்று நான் கற்றது இதுதான்.

அந்த சீசன் முடிந்ததும் அன்வருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. கடைசி நாள் பஸ் ஸ்டாண்டில் வேனை விட்டு இறங்கும்போது, "வரேங்க" என்றார். ஏதோ சொல்ல வந்ததுபோல் படியிலேயே நின்றார். பின்னாலிருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். இறங்கிவிட்டார்.

பல வருஷங்களுக்குப் பிறகு, போன மாதம் செங்கம் ரோட்டில் ஒரு பேக்கரியில் அவரைப் பார்த்தேன். மனைவியும் மகளும் கூட இருந்தார்கள். எனக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

"இப்ப கீழ யாரு நிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல. எல்லாம் சென்சார்."

"அப்ப யாருகிட்ட கேட்டு ஏத்துவீங்க?"

"யாரையும் கேக்கறதில்ல."

தலையசைத்தார். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். போய்விட்டார்கள்.

வீட்டுக்குப் போக வேங்கிக்காலுக்கு ஆட்டோ ஏறினேன். எந்தத் தெரு என்று டிரைவர் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.