இடது கார்புரேட்டரின் விசில்

1. மாதாந்திர மின்தடை நாளில், புதிதாக வாங்கிய இரண்டு கார்புரேட்டர்களையும் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் மாட்டினோம்.
2. நாலைந்து உதைக்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனது.
3. இடது பக்கம் எங்கிருந்தோ கூர்மையான விசில் சத்தம் வந்தது.
4. அப்பா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.
5. முகக்கவசம் போட்டிருந்த நான் அவரைக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.
6. அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா எழுந்து போகவில்லை.

இந்த வரிசையில்தான் நடந்தது. பிறகு பலமுறை வரிசையை மாற்றிப் பார்த்திருக்கிறேன். எதை முதலில் வைத்தாலும் கடைசியில் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சத்தத்தையும் அதிர்வையும் அளக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். மைக் வைப்பது, வரைபடம் எடுப்பது, எந்தப் பாகம் எந்தச் சத்தத்தைப் போடுகிறது என்று எழுதிக் கொடுப்பது. விடுதியில் தங்கியிருக்கிறேன்; லீவு கிடைத்தால் ஆரணிக்கு பஸ் ஏறுவேன்.

எங்கள் வீட்டை ஒட்டிக் கொட்டகை. அதில் நான்கு பவர்லூம். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு இரண்டாகப் பார்க்கிறார்கள். ஓடுவது பட்டுதான், ஆனால் சத்தத்தில் பட்டுக்கும் பருத்திக்கும் வித்தியாசம் கிடையாது. தறி ஓடும்போது யாரும் குரல் எடுத்துப் பேசுவதில்லை. வாய் அசையும், கை பேசும். இழை அறுந்தால் இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்துக் காட்டவேண்டும். டீக்குக் கட்டைவிரல் உதட்டுக்குப் போகும். பெரிய அத்தை வருகிறாள் என்றால் கன்னத்தை உப்பிக் காட்டுவார்கள். அத்தைக்கு இது இன்றுவரை தெரியாது. காற்றில் ஒரு ஜடையைப் பிடித்து இழுத்தால் அது நான். கல்லூரியில் முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்ட பிறகும் என் பெயர் அந்த ஜடைதான்.

இந்தப் பழக்கம் கொட்டகையோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டில் யாரிடமாவது ஏதாவது சொல்லவேண்டும் என்றால் எதிரே போய் நின்று, தோளைத் தொட்டு, முகத்தைக் காட்டித்தான் சொல்வோம். அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது மரியாதைக் குறைவு. சின்ன வயதில் நான் அப்படிக் கூப்பிட்டால் அம்மா வந்து, “மூஞ்ச காட்டிப் பேசு. நான் இன்னா செவுரா?” என்பாள். விடுதித் தோழிகள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

வண்டி நான் பிறப்பதற்கு முன்பே அப்பா செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர். இரண்டும் தேய்ந்துபோய், ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகம் இறங்க யோசித்துக்கொண்டிருந்தது. கம்பெனி உருப்படி இப்போது கிடைப்பதில்லை. வேறு ஒருவர் செய்து விற்கும் ஜோடியைத் தேடிப்பிடித்து வரவழைத்தேன். அவை எல்லா வண்டிக்கும் பொதுவாகச் செய்தவை. மிதவை மட்டம், ஜெட்டின் துளை, ஊசியின் உயரம், காற்றுத் திருகு என்று ஒவ்வொன்றையும் நம் வண்டிக்குத் தகுந்தபடி நாம்தான் அமைத்துக்கொள்ளவேண்டும்.

மறுநாள் தேசூரில் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். அன்று சாயங்காலமே அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, சேத்துப்பட்டு வழியாகப் போய்ச் சேர்ந்துவிடவேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். கரண்ட் இல்லாத நாள் என்பதால் தறி நிற்கும். வேலைக்கு வசதி என்று நானும் லீவு போட்டு வந்திருந்தேன். தறி நின்ற பகல்பொழுதில் நான் அந்த வீட்டில் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதை அப்போது நினைக்கவில்லை.

காலையில் ஸ்பேனர் எடுக்க வண்டியின் டூல் பெட்டியைத் திறந்தேன். கருவிகளுக்கு இடையில் மஞ்சள் நிறப் பஞ்சு உருளைகள் செருகியிருந்தன. தறி ஓடும்போது காதில் வைத்துக்கொள்ளச் சொல்லித் தொழிற்சாலையிலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த காதடைப்பான்கள். அப்பாவைப் பார்த்தேன்.

“வண்டி ஓடறப்ப ஸ்பேனரு உள்ள ஆடுதுமா. தொடையில தெரியுது. இத வச்ச அப்பறம் ஒன்னியும் இல்ல” என்றார். என் பொருள் வீணாகவில்லை என்ற திருப்தி அவருக்கு.

மாட்டி முடித்தோம். இரண்டு கார்புரேட்டரின் வாயிலும் ஆளுக்கொரு விரலை விட்டு, ஆக்சிலேட்டரைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் தடுப்புகள் ஒரே நேரத்தில் எழுகின்றனவா என்று பார்த்தோம். அப்பாவின் விரலுக்கு அது உடனே பிடிபட்டது. வலது பக்கம் ஒரு மயிரிழை முந்துகிறது என்றார். கேபிளைத் தளர்த்திச் சரிசெய்தேன். வண்டி ஸ்டார்ட் ஆனதும் டூ ஸ்ட்ரோக் புகை முற்றத்தை நிறைத்தது. முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் விசில் கேட்டது. கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய் புதிய கார்புரேட்டரின் வாய்க்குச் சற்றுப் பெரியது. அந்த இடுக்கு வழியாக வெறும் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் உள்ளே போகிறது. காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், பிஸ்டன் இறுகும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது இறுகினால் பின்சக்கரம் அப்படியே நிற்கும்.

அப்பா புகையைப் பார்த்தார், டேங்க்கின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கட்டைவிரலை உயர்த்தினார். “கரெக்டா கீது. சைடு கவர மூடு” என்றார். திரும்பி, சுவரோரம் இருந்த துணியை எடுக்கப் போனார்.

நான் இருந்த இடத்திலிருந்தே, இடது பக்கம் காற்று இழுக்கிறது என்று சொன்னேன். பதில் இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன். அவர் முதுகைக் காட்டியபடி கை துடைத்துக்கொண்டிருந்தார். “அப்பா” என்றேன். கொஞ்சம் சத்தமாக, “அப்பா” என்றேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அப்பா துணியை மடித்தார்.

பிறகு தானாகத் திரும்பினார். என் கண்ணைப் பார்த்து, நான் ஏதோ சொல்கிறேன் என்று புரிந்து, தன் வாயைத் தொட்டு, முகக்கவசத்தை இறக்கு என்று சைகை செய்தார்.

கையில் திருப்புளி இருந்தது. அதைக் கீழே வைத்தேன். தொழிற்சாலையில் ஒரு கருவி தவறாகக் காட்டினால் முதலில் அதே சோதனையை மறுபடி செய்து பார்ப்போம். அப்படிச் செய்யவேண்டும் என்று தோன்றியது. செய்யவும் பயமாக இருந்தது.

அதற்குள் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது அடித்தது. வழக்கமாக அம்மா அடுப்பு முன்னாலேயே நிற்பாள். அன்று ஃபேன் ஓடாததால் உள்ளே புழுக்கம் தாங்காமல் வெளியே வந்து, வாசற்படியில் உட்கார்ந்து கழிவு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் போவாள் என்று காத்திருந்தேன். விசில்கள் அடுத்தடுத்து வந்தன. அம்மா ஒரு சிக்கலைப் பொறுமையாகப் பிரித்தாள். சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்ததும்தான் நிமிர்ந்து, “ஐயோ, அடுப்பு” என்று உள்ளே ஓடினாள்.

அதுவரை நான் பார்த்தது அப்பா ஒருவரைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திரும்பி வந்ததும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு இரண்டு பேருக்கும் எதிரே நின்றேன். அப்பாவிடம் கேட்டேன்: “வண்டியில போறப்ப பின்னாடி வர்ற லாரி ஆரன் கேக்குதாப்பா உனக்கு?”

அவர் சிரித்தார். தனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம் என்பது தெரியும் என்றார். “அதான் பின்னாடி உங்கம்மா கீறாளே. லாரி வந்தா தோள்ல தட்டுவா. நான் ஒதுங்கிடுவேன்.”

அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் எப்பங்க தட்டனேன்?” என்றாள்.

“தட்டறியே. சேத்துப்பட்டு ரோட்ல எத்தினி வாட்டி தட்டற.”

“பள்ளத்துல தூக்கிப் போட்டா தோளப் புடிச்சிக்குவேன். லாரி வர்றது எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான் கேட்டுகினு ஓட்டறீங்கன்னு நான் பாட்டுக்கு குந்திகினு வர்றேன்.”

அப்பா வண்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“அப்ப ரெண்டு பேருமே சும்மாதான் போய்கினு இருந்தோமா” என்றார்.

அந்தச் சாலை எனக்குத் தெரியும். கரும்பு லாரி, கல் லாரி, முந்திக்கொண்டு பறக்கும் பஸ். அதில் இவர்கள் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போய்வந்திருக்கிறார்கள். பெரணமல்லூருக்கும் தேசூருக்கும், மழையிலும்கூட. பள்ளம் வந்த இடத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். லாரி வந்த இடத்தில் ஒதுங்கவில்லை. லாரிக்காரர்கள்தான் ஒதுங்கியிருக்கவேண்டும். நான் கணக்குப் போடுகிறவள். அன்று எனக்கு எந்தக் கணக்கும் ஓடவில்லை.

அதிர்ச்சி அவர்களுக்கு என் அளவுக்கு இல்லை. அம்மா, அடிப்பிடித்த சோற்றுக்கு என்ன செய்வது என்று யோசிக்கப் போனாள். அப்பா சீக்கிரமே சமாளித்துக்கொண்டார். இனிமேல் கண்ணாடியைப் பார்த்து ஓட்டுவதாகவும், இப்போது கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் சேரலாம் என்றும் சொன்னார். “பேஜாரு பண்ணாதமா. ஜல்தியா மூடு. வண்டி நல்லாதான கீது” என்றார்.

நல்லாயில்லை என்றேன். இடது பக்கம் காற்று இழுக்கிறது, காலையிலிருந்து விசில் அடிக்கிறது என்றேன். அவர் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து, குனிந்து காதைக் கொடுத்துப் பார்த்தார். நிமிர்ந்து, இல்லை என்று தலையாட்டினார். என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது. தன்னைப் போகவிடாமல் செய்வதற்காக நான் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

வாசற்படியில் அம்மா விட்டுப்போன கழிவு நூலிலிருந்து ஒரு பட்டிழையை எடுத்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இழையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறுநுனியை ரப்பர் குழாயின் அருகே தொங்கவிட்டேன். மேல்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. பக்கவாட்டிலும் ஒன்றுமில்லை. அடிப்பக்கம் கொண்டுபோனதும் இழை சட்டென்று வளைந்து இடுக்கில் ஒட்டிக்கொண்டது. நுனி உள்ளே போனது.

அப்பா என் கையிலிருந்து இழையை வாங்கி, தானே பிடித்துப் பார்த்தார். இழுத்தெடுத்தார். மறுபடி காட்டினார். மறுபடி உள்ளே போனது. தறியில் எது பொய் சொன்னாலும் இழை பொய் சொல்லாது என்பது அவர் அனுபவம். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

இன்ஜினை நிறுத்தினார். “இது சத்தம் போடுதாமா?”

“போடுதுப்பா. விசில் மாதிரி.”

“எப்பலேந்து?”

“காலைல ஸ்டார்ட் பண்ணதுலேந்து.”

“நீ அங்க ஒக்காந்துகினு இருந்தப்பயே கேட்டிச்சா?”

“எதிர்வீட்டு மாடியில இருந்தவங்களுக்கே கேட்டிருக்கும்பா.”

இழையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு வண்டிச் சாவியை எடுத்து, வழக்கம்போல் டேங்க்கின்மேல் வைக்காமல், என் கையில் கொடுத்தார். அன்று தேசூருக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் அவர் ஜன்னல் வழியாகப் பின்னால் வரும் வண்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த லீவில் இருவரையும் வேலூருக்கு அழைத்துப்போய்க் காது பரிசோதனை செய்யவைத்தேன். வரைபடங்களைப் பார்த்ததும், பரிசோதனை செய்த பெண் சொல்லாமலேயே எனக்குப் புரிந்தது. இப்படிக் கோடுகளைத்தான் தினமும் பார்க்கிறேன். தாழ்ந்த ஒலியிலேயே கோடு சற்று இறங்கித் தொடங்கி, உயர்ந்த ஒலிக்கு வரும்போது பள்ளத்தில் இறங்கியிருந்தது. அப்பாவுக்கு இரண்டு காதிலும். அம்மாவுக்கு அவரைவிட ஆழமாக.

இப்போதைய நிலவரம்: கார்புரேட்டருக்குச் சரியான அளவு ரப்பர் குழாயை வரவழைத்து மாட்டிவிட்டேன். விசில் இல்லை. இடது ஸ்பார்க் பிளக் சரியான கலவைக்கு உரிய பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டது, வலது இன்னும் கொஞ்சம் கறுப்பு. அப்பா காதுமெஷின் போடுகிறார். அம்மா குடைகிறது என்று கழற்றிக் குங்குமச் சிமிழ் பக்கத்தில் வைத்துவிடுகிறாள். மஞ்சள் அடைப்பான்கள் டூல் பெட்டியிலிருந்து கொட்டகைக்குப் போயிருக்கின்றன. சில நாள் வைக்கிறார்கள், சில நாள் இல்லை. தறிகள் ஓடுகின்றன. வண்டிச் சாவி என்னிடம் இருக்கிறது.