பாரம் தூக்காத தோள்

போன வாரம் பெரிய காஞ்சிபுரத்தில் சாமி புறப்பாடு. ஊரே சாமியைப் பார்த்தது. நான் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

மாப்பிள்ளை என்றால் என் தங்கை கணவர். சைக்கிள் கடை வைத்திருப்பவர். தொடையிடுக்கில் குடலிறக்கம் — ஹெர்னியா. இரண்டு முறை ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு முறையும் சில மாதங்களில் பழையபடி புடைத்துக்கொண்டது.

யாரைச் சந்தேகப்படுவது? முதலில் டாக்டரை. பிறகு கம்பவுண்டரை. "தச்ச நூல் மட்டமா இருக்கும்பா" என்றது எங்கள் தெரு. நெசவுக்கார ஊரில் எது பிரிந்தாலும் பழி நூலுக்குத்தான். நானும் நம்பினேன். இரண்டாம் முறை புடைத்தபோது, சண்டைக்குத் தயாராக டாக்டரிடம் கூடவே போனேன்.

டாக்டர் என்னைவிடச் சந்தேகப் பேர்வழி.

"நீ பாரம் தூக்கியிருக்கே."

"சத்தியமா இல்லீங்க. தண்ணிக் குடத்தக்கூட சம்சாரம்தான் தூக்கிக்கினு வருது" என்றார் மாப்பிள்ளை.

தங்கை தலையாட்டினாள். டாக்டர் நம்பவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு.

"இது என்ன?"

"சாமி தூக்கறேனுங்களே... எங்கப்பா தூக்கின வாகனத் தண்டு."

"அது பாரமில்லையா?"

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாமியப் போயி பாரம்னு சொல்லலாமா டாக்டர்?"

பொய் சொல்லவில்லை மனுஷன்! அவர் கணக்கில் அது பாரத்திலேயே சேர்த்தி இல்லை. என் கணக்கில் மட்டும்? வருஷா வருஷம் அவர் தூக்கிவர, நானும்தானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்!

"மறுபடி பிரிந்தால் தைக்க அங்கே நல்ல சதை இல்லை. குடல் சிக்கினால் உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். மூன்றாவது ஆபரேஷன் முடிந்தது. இனி தண்டைத் தொடுவதில்லை என்று மாப்பிள்ளை கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. தங்கைக்கு இரண்டு சின்னப் பெண்கள். எனக்குப் பயம்.

போன வாரம் தெரு முனையில் வாகனம் ஒரு பக்கம் சாய்ந்தது. "யாராச்சும் தோள் குடுங்கப்பா!" என்று ஒரு குரல். மாப்பிள்ளையின் கால் நகர்ந்தது.

"மாப்ளே! எங்க போறீங்க?"

"சும்மா... கிட்ட போயி பாக்கலாம்னுதான் மச்சான்."

கற்பூர ஆரத்தி காட்டினார்கள். எல்லாரும் இரண்டு கையாலும் கும்பிட்டார்கள். நான் ஒரு கையால்தான் கும்பிட்டேன். இன்னொரு கை மாப்பிள்ளையின் இடுப்புத் துண்டைப் பிடித்திருந்தது.

சாமி மன்னிக்கும். விட்டிருந்தால், தங்கை மன்னித்திருக்க மாட்டாள்!